கம்ப்யூட்டரும் கிழக்குத் திசையும்

(நமதூர்ப் படிப்பகத்தில் வாலிபர்களிடையே பேசியது)



எனக்கு முன் பேசிய தோழர் என்னைக் கம்ப்யூட்டர் நிபுணர் என்று சொல்லிவிட்டார். அது சரியல்ல. நான் பத்தாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் போனவனல்ல. பழைய சாமான்களைப் பிரித்து, சிலவற்றைப் பாழாக்கி, மீதியில் கற்றுக்கொண்டவன். ஆகையால் நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். மேஜைமேல் பெட்டி இருக்கிறது. சோதித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள்.

இந்தப் படிப்பகத்துக் கம்ப்யூட்டரின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். புதிது வாங்கப் பணமில்லை. ஒருவர் மதர்போர்டு கொடுத்தார். ஒருவர் கேபினெட் கொடுத்தார். மற்றதைப் பழைய சாமான் கடையில் பொறுக்கினோம். பூட்டிச் சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. ஒரு நாள் வரும்; மறுநாள் வராது. இதற்குள் பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போடவேண்டிய கெடு நெருங்கிவிட்டது. அப்போது ஒரு பெரியவர், "மேற்குப் பார்த்து வைத்தால் எப்படி ஐயா விளங்கும்? கிழக்கே திருப்புங்கள்" என்றார். திருப்பினார்கள், ஓடியது! அவ்வளவுதான், இங்கே வருகிற பையன்களே வாஸ்து பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பெரியவரை நான் பரிகாசம் செய்ய வரவில்லை. முந்தின வாரம் நானும் அதே முட்டாள்தனத்தைத்தான் செய்திருந்தேன். ராமைக் கழற்றி அதன் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன், அதே மூச்சில் பாட்டரியையும் மாற்றினேன், கேபிளையும் மாற்றினேன். ஓடியது. "ராம்தான் குற்றவாளி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் மறுபடி நின்றது. மூன்று காரியங்களை ஒன்றாகச் செய்துவிட்டு அதில் ஒன்றுக்குப் பெருமையைக் கொடுப்பதற்கும், கிழக்குத் திசைக்குக் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம்? அவரும் ஒன்றென்று நினைத்து இரண்டைத்தான் செய்தார்: திருப்பினார், திருப்புவதற்காகப் பெட்டியைத் தூக்கினார். நான் மறுபடி மேற்கே வைத்தேன்; ஓடியது. தெற்கே வைத்தேன்; ஓடியது. பிறகு திருப்பாமலே லேசாகத் தூக்கி வைத்தேன், நின்றது! சங்கதி திசையில் இல்லை, அசைவில் இருக்கிறதென்று அப்போதுதான் தெரிந்தது.

நிற்க. முதலில் மின்சாரத்தைப் பார்க்கவேண்டும். எஸ்.எம்.பி.எஸ். டப்பாவைத் தனியே எடுத்து, அதன் பெரிய 24 முனைப் பிளக்கில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்தால் அது கிளம்பும். விசிறி சுற்றுவதைக் கண்டு நம்பிவிடாதீர்கள். மீட்டர் வைத்தால் மஞ்சளில் 12 வோல்ட் வரவேண்டும், 11.4-க்குக் குறையவோ 12.6-க்கு மிஞ்சவோ கூடாது. சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. அந்த டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். அது ஆளைப் பார்த்து அடிக்காது.

நமது டப்பா யோக்கியமாகவே இருந்தது. ஆகவே மதர்போர்டை வெளியே எடுத்து அட்டைமேல் வைத்தேன். பிராசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு ராம், திரை, வேறொன்றும் வைக்கவில்லை. ராமையும் எடுத்துவிட்டுப் போட்டால் சிறு ஸ்பீக்கர் 'பீப் பீப்' என்று கத்தியது. கத்தினால் நல்லதுதான், பிராசஸர் உயிரோடிருந்து, "ராம் எங்கே?" என்று கேட்கிறதென்று அர்த்தம். ராமைப் போட்டு, பத்துத் தடவை அணைத்து அணைத்துப் போட்டேன். பத்துத் தடவையும் ஓடியது. கேபினெட்டுக்குள் பூட்டினேன், நின்றது.

பிறகு என்ன, கேபினெட்டைத் துருவினேன். அது முன்பு பெரிய போர்டு ஒன்றுக்கு இருந்த வீடு. அந்தப் போர்டைத் தாங்கிய பித்தளைக் கால் ஒன்று, நமது போர்டில் துவாரமே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, முதுகிலுள்ள ஈயப்பற்றைத் தொட்டுத் தொட்டு விலகியிருக்கிறது. கழற்றி எறிந்தேன். அன்று முதல் நிற்கவில்லை. விண்ணப்பங்களும் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தன.

பழைய சாமான் வாங்குகிறவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டு ராமுக்கும் 240 பற்கள்தான். வெட்டு மட்டும் வேறிடத்தில் இருக்கும். நுழையாவிட்டால் பலாத்காரம் செய்யாதீர்கள். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் அந்தப் போர்டு வேண்டாம்.

சரி, இரண்டாவது பெட்டியைத் திறப்போம். ஓடவில்லையென்று ஒரு தோழர் நேற்றுக் கொண்டுவந்தது. என்ன கோளாறென்று எனக்கும் இன்னும் தெரியாது. அந்தப் பிளக்கை முதலில் பிடுங்குங்கள்.