நம் பிளாக்கைக் கட்ட எத்தனை கட்டை வேண்டும்?

லெகோ என்றாலே குழந்தைகள் சமாசாரம் என்று நினைப்பவர்கள் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2008-இல் வந்த லெகோ ஆர்க்கிடெக்சர் வரிசையின் முதல் மாடல்களில் ஒன்று சிகாகோவின் சியர்ஸ் டவர். வெறும் 69 துண்டுகள்தான். டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டிய மாதிரி அந்தக் கோபுரத்தை நிறுத்தினார். இரண்டு குழாய்கள் 50-ஆவது மாடியோடு நின்றுவிடும், இரண்டு 66-இல், மூன்று 90-இல். மிச்சம் இரண்டுதான் உச்சிவரை போகும். போட்டோவில் பார்த்தால் ஏதோ படிக்கட்டு மாதிரி இருக்கும். கையால் அடுக்கும்போதுதான் காரணம் பிடிபடும்.

பெரிய பெட்டிகள் விலை அதிகம், உண்மைதான். 2017-இல் வந்த தாஜ்மகாலில் 5,923 துண்டுகள்! வாங்கினாலும் நம் ஃப்ளாட்டில் எங்கே வைப்பது?

அதனால் என் யோசனை இது. பரணில் கிடக்கும் பழைய கட்டைகளைக் கொண்டுவாருங்கள், நம் பிளாக்கையே கட்டுவோம். 1958-க்குப் பிறகு வந்த சாதாரண லெகோ கட்டைகள் இன்றைய கட்டைகளோடும் பொருந்தும். கட்டையின் உயரம் 9.6 மி.மீ., குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. ஒரு கட்டையை 3 மீட்டர் உயர மாடி என்று வைத்தால், ஒரு குமிழ் 2.5 மீட்டர். 20 மீட்டர் முகப்புக்கு எட்டே குமிழ் போதும். இந்த அளவில் பால்கனியைக் காட்டுவதா, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவதா என்று சண்டை வரும். வரட்டும், வேடிக்கையே அதில்தான்.

பசை மட்டும் போடாதீர்கள். கலைத்தால்தான் அடுத்த வீட்டுப் பிள்ளை வேறொன்று கட்ட முடியும்.