வழிகாட்டியும் அமானிதமும்



கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் புறப்பட்டபோது கூலிக்கு அமர்த்திய வழிகாட்டி அப்துல்லாஹ் இப்னு உரைகித் அப்போது முஸ்லிமல்லர். ஆயினும் வழியை நன்கறிந்தவர், நம்பகமானவர். இரண்டு ஒட்டகங்களை அவரிடம் ஒப்படைத்து, மூன்று இரவுகளின் பின் தௌர் குகைக்கு வருமாறு கூறினார்கள். 100 ஒட்டகங்கள் பரிசென்று குறைஷிகள் அறிவித்திருந்தும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. சொன்னபடி வந்து, கரையோர வழியே அழைத்துச் சென்றார்.

நமது வாவியில் ஆழமறியாதவனின் தோணியில் பிள்ளையை ஏற்றுவோமா? உம்ராவுக்குச் செல்லும் மகனோ, ஜித்தா விமான நிலைய வாசலில் கைகாட்டி அழைத்தவனின் காரில் வாடகை பேசாமலே ஏறுகின்றான். தாடியையும் ஸலாமையும் கண்டு நம்பினானாம்! (அடியேனும் ஒருமுறை அவ்வாறே ஏறியவன்.) சென்று வந்தவர்களிடம் விசாரியுங்கள், அனுமதி பெற்ற வாகனத்தில் கூலி பேசியே ஏறுங்கள், கடவுச்சீட்டை எவரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். இறங்கும்போது, பேசிய கூலியில் ஒரு ரியாலும் குறைக்காதீர்கள்.