ஏழு நூல் குழி



என் கடைசல் பட்டறை மேசையில் பூவரச மரத்தில் செய்த ஒரு மெழுகுவத்தித் தாங்கி இருக்கிறது. இடுப்புச் சிறுத்து, அடி விரிந்து, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். வாய் மட்டும் கருகியிருக்கும். நான் செய்த முதல் ஜோடியில் ஒன்று அது. எங்கள் தெரு டீச்சரம்மா கிறிஸ்துமஸ் மேசைக்கென்று கேட்டார். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய மெழுகுவத்திகள் அவரிடம் இருந்தன. பத்து அங்குல உயரம், உச்சி ஒல்லி, அடி பருமன்.

கரண்ட் போனால் நாம் ஏற்றுகிற மளிகைக்கடை மெழுகுவத்திக்குத் தாங்கியே வேண்டாம். கவிழ்த்த டம்ளரில் நாலு சொட்டு உருக்கி ஊற்றி, மேலே நிறுத்திவிடுவோம். இந்த நெட்டை அப்படி நிற்காது.

அதற்கு இந்தக் கூம்பு வடிவம் எப்படி வந்தது? பழைய முறையில் திரியை உருகிய மெழுகில் முக்கி எடுத்து, ஆறவிட்டு, மறுபடி முக்குவார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெழுகு கீழே வழிந்து இறுகும். அப்படி வளர்ந்து வளர்ந்து அடி தடித்துவிடும். இன்று அச்சில் வார்த்தாலும் அந்த உருவத்தை விடவில்லை.

அடியின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு, அதாவது சுமார் 22 மில்லிமீட்டர். அமெரிக்காவில் பின்னமாகச் சொல்லும் இந்த அளவு நம் ஆசாரிகளுக்கு முழு எண். அங்குலத்துக்கு எட்டு நூல், ஆகவே இது ஏழு நூல். அதை நம்பி நானும் ஏழு நூலில் கச்சிதமாகக் குழி போட்டேன். ஒரு மெழுகுவத்தி உள்ளே போகவே இல்லை. இன்னொன்று தொளதொளவென்று சாய்ந்து நின்றது.

பெட்டியில் எழுதிய அளவு வேறு, கையில் இருக்கும் மெழுகுவத்தி வேறு. முக்கி எடுத்தவை ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. இங்கிலாந்தில் இந்தத் தொல்லைக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே வழி கண்டார்கள். மெழுகுவத்தியின் அடியையே வரிவரியாய்க் கூம்பாக வார்த்தார்கள். அழுத்தினால் வரிகள் நசுங்கி, குழிக்குத் தக்கபடி உட்கார்ந்துகொள்ளும். அதற்கு முன்பு காகிதத்தைச் சுற்றித் திணித்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

நம் பக்கத்தில் குழியைத்தான் கூம்பாக்க வேண்டும். அடி தட்டையாக வெட்டும் ஃபோர்ஸ்ட்னர் பிட்டில் ஏழு நூல், ஆழம் ஒரு அங்குலம். முக்கால் அங்குலம் போதும் என்பவர்களும் உண்டு. பத்து அங்குல நெட்டைக்கு எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பிறகு ஒரு மரக்கூம்பைக் கடைந்து, அதில் உப்புத்தாளை ஒட்டி, குழியின் வாயில் வைத்துத் திருகுங்கள். வாய் மயிரிழை விரியும். மெழுகுவத்தியை விட்டுப் பாருங்கள், மறுபடி திருகுங்கள். அப்படியும் பருமன் அதிகமென்றால் மெழுகுவத்தியின் அடியை வெந்நீரில் ஒரு நிமிஷம் வைத்து அழுத்தினால் இறங்கிவிடும். சுத்தியலை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன்.

கடைசலில் செய்பவர்களுக்கு ஒரு வரிசை முக்கியம்: முதலில் குழி, அப்புறம்தான் உருவம். கட்டையில் குழியைப் போட்டுவிட்டு, எந்திரத்தின் பின்முனைக் கூம்பை அந்தக் குழியிலேயே பொருத்திக் கடைந்தால், உருவம் முழுவதும் குழியைச் சுற்றியே அமையும். அழகாகக் கடைந்து முடித்தபின் குழி போட்டால் ஒரு நூல் விலகினாலும் மெழுகுவத்தி ஒருபக்கம் சாய்ந்து நிற்கும், கண்ணை உறுத்தும்.

மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் கொஞ்சம். குறுக்குவாக்கில்தான் சுருங்கும், அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. பச்சைக் கட்டையில் போட்ட வட்டக் குழி சில மாதத்தில் முட்டை வடிவாகிவிடும்.

இனி அந்தக் கருகலுக்கு வருகிறேன். இந்த வகை மெழுகுவத்தி சுமாராக மணிக்கு ஓர் அங்குலம் எரியும். பத்து அங்குலம் என்றால் ராத்திரி முழுவதும். டீச்சரம்மா வீட்டில் பாட்டும் பேச்சுமாக எல்லோரும் மறந்துவிட்டார்கள். சுடர் குழிக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளை, புகை நாற்றம் காட்டிக்கொடுத்தது. சாய்ந்த பக்கம்தான் அதிகம் கருகியிருந்தது.

அன்றிலிருந்து மரத்துக்குள் பித்தளைக் கிண்ணி வைக்காமல் நான் தாங்கி கொடுப்பதில்லை. கிண்ணியின் விளிம்பு வெளியே மடிந்து மரத்தின் வாயை மூட வேண்டும். கிண்ணி வைப்பதானால் ஏழு நூல் என்பது அதன் உட்புறத்துக்கு. மரத்துக் குழியைக் கிண்ணியின் வெளியளவு பார்த்துப் போடுங்கள். பசை போடாமல் பொருத்தினால் ஒரு வசதி உண்டு. எரிந்து மிஞ்சிய துண்டு உள்ளே ஒட்டிக்கொண்டால் கிண்ணியை மட்டும் கழற்றி ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வையுங்கள். மெழுகு சுருங்கித் தானே விட்டுக்கொடுக்கும். கத்தியால் நோண்ட வேண்டாம்.

கிண்ணி இருக்கிறதே என்று சுடரை அடிவரை விடவும் கூடாது. இரண்டு அங்குலம் மிஞ்சும்போதே அணைத்துவிடுங்கள். ஃபேன் காற்றும் ஆகாது. 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே லண்டனில் சிறுவர்களுக்கு மெழுகுவத்தியைப் பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். சுடரை நோக்கி மேலேறும் காற்று மெழுகின் ஓரத்தைக் குளிர்வித்து, உருகிய மெழுகு நிற்க ஒரு சின்னக் கிண்ணத்தை உண்டாக்குகிறது என்று அதில் விளக்கினார். பக்கவாட்டில் காற்றடித்தால் அந்தக் கிண்ணத்தின் ஒரு கரை உடையும். மெழுகு அங்கேயே வழிந்து, தாங்கியையும் மேசை விரிப்பையும் பாழாக்கும்.

டீச்சரம்மாவுக்கு மறு வருஷம் பித்தளை வாயோடு புது ஜோடி செய்து கொடுத்தேன். பழையதில் ஒன்றை அவரே வைத்துக்கொண்டார், பேனா போட.