டுரியான் மரத்துக்கு இரவில் வரும் விருந்தாளி



டுரியான் பருவம் தொடங்கிவிட்டால் சாலையோரக் கடைகளில் பேச்செல்லாம் விலையைப் பற்றித்தான். மூசாங் கிங் கிலோ எவ்வளவு, கம்போங் டுரியான் வந்துவிட்டதா, இந்த ஆண்டு ஏன் காய்ப்பு குறைவு என்று ஆளுக்கொரு கேள்வி. இந்தக் கடைசிக் கேள்விக்கு மழை, வெயில், உரம் என்று ஆளுக்கொரு பதிலும் உண்டு. பத்துமலைக் குகைக்கும் கிள்ளான் கடற்கரைச் சேற்றுக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான்.

சூழலியல் என்றதும் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருந்த படம் நினைவுக்கு வரும். புல்லை வெட்டுக்கிளி தின்னும், வெட்டுக்கிளியைத் தவளை தின்னும், தவளையைப் பாம்பு, பாம்பைக் கழுகு. அம்புக்குறி போட்டுத் தேர்வில் வரைந்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தப் படத்தில் எல்லா உயிர்களும் ஒரே வயலில் இருக்கும். வெளியுலகில் அப்படி இல்லை. ஓர் உயிர் உறங்கும் இடம் ஒன்று, உண்ணும் இடம் வேறொன்று, அதனால் பிழைக்கும் மரம் மூன்றாவது இடத்தில். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சங்கதி புரியும்.

டுரியான் பூவைக் கவனியுங்கள். அது மாலையில் மலர்கிறது. வெளிறிய நிறம், கனத்த வாசனை, உள்ளே தேன். இதழ்களும் மகரந்தக் கேசரங்களும் விடிவதற்குள் உதிர்ந்துவிடும். ஒரே இரவுதான் அவகாசம். அதோடு, பெரும்பாலான டுரியான் மரங்கள் தங்கள் சொந்த மகரந்தத்தால் நன்றாகக் காய்ப்பதில்லை. வேறு மரத்து மகரந்தம் வர வேண்டும். அந்தி நேரத்தில் மலைத்தேனீயும் வரும், மறுப்பதற்கில்லை. ஆனால் இருட்டில் மரத்துக்கு மரம், தோட்டத்துக்குத் தோட்டம் பறந்து மகரந்தம் சுமப்பதில் வௌவாலுக்கு இணை இல்லை. அதிலும் நீண்ட நாக்கால் பூந்தேனை நக்கிக் குடிக்கும் குகை வௌவால் ஒன்று உண்டு. பெத்தாய் மரமும் இதே வௌவாலை நம்பித்தான் இருக்கிறது. நாசி லெமாக்கோடு பெத்தாய் சம்பல் சாப்பிடுபவர்களும் அதற்கு நன்றி சொல்லலாம்.

இந்த வௌவால் எங்கே தூங்குகிறது? பத்துமலையில்! தைப்பூசத்துக்கு 272 படிகள் ஏறியவர்களில் எத்தனை பேர், படிக்கட்டின் ஓரமாகப் பிரிந்துபோகும் இருட்டுக் குகையைக் கவனித்திருப்பார்கள்? உள்ளே சூரிய ஒளி கிடையாது, ஒரு பச்சை இலை கிடையாது. இருந்தும் அங்கே கரப்பான், மரவட்டை, சிலந்தி என்று ஒரு கூட்டமே வாழ்கிறது. வௌவால் வெளியே போய்த் தின்றுவிட்டு வந்து போடும் எச்சம்தான் அவற்றுக்குச் சோறு. அந்த எச்சத்தில் வளரும் பூச்சிகளைப் பிடிக்க, பொறிக்கதவு வைத்துக் காத்திருக்கும் சிலந்தி ஒன்று உண்டு. 1923இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான அந்தச் சிலந்தியின் பெயரிலேயே 'பத்து' இருக்கிறது. பாடப்புத்தகம் 'உயிர்ச்சூழல் தொகுதி' என்று சொல்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

அதே பத்துமலையில்தான் பல ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல்லுக்காக வெடி வைத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் கல்லுடைப்பு நிறுத்தப்பட்டது. மலை தப்பியது, குகை தப்பியது. தீபகற்பத்தின் மற்றச் சுண்ணாம்பு மலைகள் பலவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஈப்போ வட்டாரத்தில் பாதி அறுக்கப்பட்ட மலைகளை நெடுஞ்சாலையிலிருந்தே பார்க்கலாம். காடு வெட்டினால் மறுபடி நடலாம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். குகையை நட முடியாது.

இனி கடற்கரைக்கு வருவோம். டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. ஒன்றிரண்டு பருவத்தில் சில வாரங்கள் பூக்கும். மற்ற மாதங்களில் வௌவால் என்ன செய்யும்? இதை 1970களில் ஸ்டார்ட், மார்ஷல் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டறிந்து, 1976இல் வெளியிட்டார்கள். வௌவால் எச்சத்தில் இருந்த மகரந்தத்தைச் சோதித்தபோது, சதுப்புநிலக் காட்டில் வளரும் பெரம்பாங் இனத்து மரங்களின் மகரந்தம் அதில் ஏராளமாக இருந்தது. அந்த மரங்கள் மாதம் தவறாமல் பூப்பவை. அந்தப் பூந்தேனுக்காகக் குகை வௌவால்கள் 30 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து கடற்கரைக்குப் போய், விடிவதற்குள் குகைக்குத் திரும்புகின்றன. உள்நாட்டுத் தோட்டத்தில் டுரியான் காய்க்க, மற்ற மாதங்களில் கடற்கரைக் காடு வௌவாலுக்குச் சோறு போடுகிறது என்று பொருள்.

சிலாங்கூர் கடற்கரையில் அந்தக் காடுகள் எவ்வளவு சுருங்கின என்பதைப் பெரியவர்கள் சொல்வார்கள். துறைமுகம் வந்தது, இறால் குளம் வந்தது, மண்ணைக் கொட்டி நிரப்பி வீடமைப்பும் வந்தது. கோலசிலாங்கூர் அருகே கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினிப்பூச்சி பார்த்திருப்பீர்கள். அவை கூடி மின்னுவதும் ஆற்றோரத்துப் பெரம்பாங் மரத்தில்தான். அவற்றின் புழுக்கள் கரையோர ஈரமண்ணில் நத்தையைத் தின்று வளர்கின்றன. கரையை ஒட்டிச் செம்பனையும் வாழையும் நட்டால் நத்தை போகும், நத்தை போனால் மின்மினியும் போகும். ஒரே மரத்தை வெட்டியதில் இரண்டு கணக்கு தீர்ந்துவிடுகிறது. ஆனால் வெட்டியவர் வேறு, நட்டப்படுபவர் வேறு.

வௌவாலுக்காகப் பேசினால், "அது நோய் பரப்பாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள். 1999இல்தான் அது நிப்பா என்ற புதுக் கிருமி என்று தெரிந்தது. மலேசியாவில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தனர், சுமார் 10 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்குத் தொற்றி, ஒருவர் இறந்தார். அந்தக் கிருமி இயற்கையாகக் குடியிருப்பது கெலுவாங் என்னும் பெரிய பழ வௌவாலிடம்தான்.

ஆனால் அது பன்றிக்கு எப்படிப் போனது? பன்றிக் கொட்டகையை ஒட்டியே மாமரங்களை நட்டிருந்தார்கள். கெலுவாங் கடித்துப்போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்தது, பன்றி தின்றது. ஆயிரக்கணக்கில் நெருக்கி அடைத்த பண்ணையில் கிருமி பெருகியது. அங்கிருந்து மனிதனுக்கு வந்தது. வௌவால் தன் வழக்கப்படி பழம் தின்றது. பழத்தையும் பன்றியையும் ஒரே கூரையடியில் சேர்த்து வைத்தது மனிதன். பழமரங்களைக் கொட்டகையிலிருந்து தள்ளி வைக்கவேண்டும் என்ற பாடம் அத்தனை உயிர்கள் போன பிறகுதான் வந்தது.

தோட்டக்காரர் பக்கத்தையும் பார்க்கவேண்டும். இரவில் மரத்தில் சலசலப்பு கேட்கிறது, காலையில் வந்து பார்த்தால் தரையெல்லாம் டுரியான் பூ. வௌவால் பூவையெல்லாம் நாசம் செய்துவிட்டது என்று வலை கட்டுகிறார், சிலர் சுடவும் செய்கிறார்கள். உதிர்ந்தவை தாமே உதிரும் இதழ்களும் கேசரங்களும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தியோமான் தீவில் ஆய்வாளர்கள் டுரியான் மரங்களில் கேமரா கட்டி இரவெல்லாம் படம் எடுத்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, பூவைச் சேதப்படுத்துவதாகப் பழி சுமந்த கெலுவாங்கே தேனை மட்டும் குடித்துவிட்டுப் போகிறது, போகிற வழியில் மகரந்தமும் சேர்க்கிறது. கெலுவாங் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். பத்து வௌவாலைச் சுட்டால் அடுத்த பருவத்தில் பத்து திரும்பி வந்துவிடாது.

சீனா முழு டுரியானை உறைநிலையில் வாங்க 2019இல் இசைந்தது. 2024இல் புதுப் பழமும் போகத் தொடங்கியது. ஏற்றுமதி வந்ததும் பகாங் மலைச்சரிவுகளில் காட்டை வெட்டிவிட்டு மூசாங் கிங் நடும் வேகமும் கூடியது. காட்டு மரமெல்லாம் போய், ஒரே இனத்து ஒட்டுக்கன்று வரிசை வரிசையாக நிற்கிறது. ஒட்டுக்கன்றுகள் எல்லாம் ஒரே மரத்தின் நகல். வேறு மரத்து மகரந்தம் கேட்கும் பூவுக்கு, அடுத்த வரிசையில் நிற்பதும் அதே மரம்தான். விவரம் தெரிந்த தோட்டக்காரர்கள் இடையிடையே வேறு ரகத்தை நடுகிறார்கள். அந்த ரகத்தின் மகரந்தத்தை இருட்டில் சுமந்து வர வௌவால் வேண்டும். பூ இல்லாத மாதங்களில் அது உயிரோடிருக்கக் கடற்கரையில் பெரம்பாங் வேண்டும்.