நவமணிகளும் நவக்கிரகங்களும்



இரத்தினபுரி என்றவுடன் மாணிக்கமும் நீலமும் நம் நினைவுக்கு வருகின்றன. குழி தோண்டி, அதனடியிற் கிடைக்கும் சரளை மண்ணைக் கூடையில் இட்டு நீரில் அரித்து, மணி தேடும் தொழில் அங்கே நெடுங்காலமாக நடந்து வருகிறது. அம்மணிகளைக் கிரகங்களுக்கு உரியனவாக வகுத்து வைத்தனர் நம் முன்னோர். மாணிக்கம் சூரியனுக்கு, புஷ்பராகம் வியாழனுக்கு, நீலம் சனிக்கு, வைடூரியம் கேதுவுக்கு என்பது வழக்கு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் நம் மக்களும் இவ்வழக்கை நன்கறிவர். மணிகளை ஒருபுறம் வைத்துவிட்டு, அவை குறிக்கும் கிரகங்களை இன்று சற்றே நோக்குவோம்.

கோயிலில் நாம் வலம் வரும் கிரகங்கள் ஒன்பது. வானநூலார் எண்ணும் கோள்களோ எட்டு. இவ்விரு கணக்கும் எங்கே கூடுகின்றன? எங்கே பிரிகின்றன?

நவக்கிரகங்களுள் சூரியன் தானே ஒளிரும் விண்மீன். சந்திரன் பூமியைச் சுற்றும் துணைக்கோள். இராகுவும் கேதுவும் உருவமுள்ள பொருள்கள் அல்ல. சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டும் இரு புள்ளிகள். அப்புள்ளிகளின் அருகே அமாவாசையோ பௌர்ணமியோ நேரும்போதே கிரகணம் உண்டாகிறது. எஞ்சிய புதன், சுக்கிரன், செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் கோள்களே. இவற்றோடு நாம் வாழும் பூமியையும், 1781இல் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியாற் கண்ட யுரேனசையும், 1846இல் காணப்பட்ட நெப்டியூனையும் சேர்த்தால் எட்டாகிறது. 1930இல் கண்டுபிடிக்கப்பட்ட புளூட்டோ ஒன்பதாவது கோளாக எண்ணப்பட்டு வந்தது. 2006இல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதனைக் குறுங்கோள் என வகுத்தது.

முன்னோர் கண்ட ஐந்து கோள்களையும் நாமும் வெறுங்கண்ணாற் காணலாம். பால்வெட்டுக்காகப் பொழுது புலருமுன் எழுந்து செல்வோர் கிழக்கே காணும் விடிவெள்ளி சுக்கிரனே. சில மாதங்கள் கழிந்தபின் அதுவே மாலையில் மேற்கே தோன்றும். நள்ளிரவில் மட்டும் அதனைக் காண இயலாது. பூமியைவிடச் சூரியனுக்கு அருகே சுற்றுவதால், சூரியனை விட்டு வெகுதூரம் விலகியதாக அது நமக்குத் தோன்றுவதில்லை. அழகிற் சிறந்த அக்கோளின் தரையோ ஈயத்தையும் உருக்கும் வெப்பமுடையது.

செவ்வாயின் செம்மை, அதன் மண்ணிற் கலந்த இரும்புத் துருவின் நிறம். நம் மண்வெட்டியிற் படியும் துருவுக்கு அது உறவு. வியாழன் குறுக்களவிற் பூமியைப் போலப் பதினொரு மடங்கு. அதனைச் சுற்றும் நான்கு பெரிய நிலவுகளைக் கலிலியோ 1610இல் கண்டார். இன்று ஒரு சாதாரண இருகண் நோக்கி கிடைத்தாலும், வானம் தெளிந்த இரவில் நம் பிள்ளைகள் அவற்றைக் கண்டு மகிழலாம்.

இவற்றின் தொலைவை எவ்வாறு உணர்வது? பூமியை ஒரு மிளகு என்று கொள்ளுங்கள். அப்பொழுது சூரியன், ஏறக்குறைய ஒன்றேமுக்கால் அடி அகலமுள்ள கொழுந்துக் கூடை. கூடையைத் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் வைத்தால், மிளகை அறுபது மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். வியாழன் என்னும் எலுமிச்சம்பழம் முந்நூறு மீற்றருக்கு அப்பால் இருக்கும். நெப்டியூன் என்னும் நெல்லிக்காயை வைக்க ஒன்றேமுக்கால் கிலோமீற்றர் நடக்க வேண்டும்!

இனிச் சனிக்கு வருவோம். நம்மவர் அஞ்சும் கிரகம் இதுவே. சூரியனிலிருந்து சுமார் 143 கோடி கிலோமீற்றர் தொலைவில், பனிக்கட்டித் துண்டுகளாலான அழகிய வளையங்களைச் சூடி அது உலவுகிறது. சூரியனை ஒருமுறை சுற்றிவர அதற்கு ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகின்றன. அதனைப் பன்னிரண்டு இராசிகளுக்குப் பங்கிட்டால், இராசி ஒன்றுக்குச் சுமார் இரண்டரை ஆண்டு. மூன்று இராசிகளுக்கு ஏழரை ஆண்டு. ஏழரைச் சனி என்பது இந்தக் கணக்கே. தொலைநோக்கி இல்லாத காலத்தில், தலைமுறை தலைமுறையாக வானத்தை உற்றுநோக்கிக் கண்ட கணக்கு இது. நாம் பெருமை கொள்ளத்தக்கது.

ஆனால் கணக்கு வேறு; அச்சம் வேறு. எந்த நாளை எடுத்துக்கொண்டாலும், பன்னிரண்டு இராசிகளுள் மூன்றுக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டே இருக்கும். அப்படியாயின், ஒரே லயத்தில் குடியிருந்து, ஒரே மலையிற் கொழுந்து பறித்து, ஒரே சம்பளம் பெறுவோருள் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் எப்பொழுதும் அதற்கு உட்பட்டவரே. வீட்டில் நோய் வருவதற்கும், மழையினாற் பால்வெட்டு நின்று வருமானம் குறைவதற்கும் காரணம் அந்தத் தொலைதூரக் கோள்தானா? அதன் ஒளி நம்மை வந்தடையவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகிறதே!

கோயிலில் விளக்கேற்றுவது அவரவர் பக்தியைப் பொறுத்தது. அதைக் குறித்து நான் எதுவும் கூறவில்லை. கிரகப் பெயர்ச்சிக்கு அஞ்சி, காதுத்தோட்டை அடகு வைத்து நீலக்கல் மோதிரம் வாங்கும் தந்தையையும், செவ்வாயின் பெயரால் மணம் தள்ளிப் போகும் மகளையும் நினைத்தே பேசுகிறேன். அடகுக்கு வட்டி ஏறும். பெண்ணுக்கு வயது ஏறும். கோள்களோ தம் வழியே சென்றுகொண்டிருக்கும்.

நீலக்கல் அழகியது, வாங்கும் வசதியுள்ளவர் அழகுக்காக அணியட்டும். இல்லாதவர் அந்தப் பணத்திற் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுக்கட்டும். இரவில் வானம் வெளுத்திருக்கும்போது பிள்ளையை லயத்து வாசலுக்கு அழைத்து வந்து, மினுக்காது நின்றொளிரும் புள்ளியைக் காட்டி, “அதோ, அது ஒரு கோள், நாம் நிற்பதும் அதைப்போல் ஒன்றுதான்” என்று சொல்லிக் கொடுங்கள். அச்சமின்றி வானத்தைப் பார்க்கப் பழகிய பிள்ளை, பிறகு எதையும் அச்சமின்றிப் பார்க்கும்.