எத்தனை மெகாபிக்ஸல்?

(கோபாலபுரத்தில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அண்ணா, குறைஞ்ச விலையில சின்ன டிஜிட்டல் கேமரா எது வாங்கலாம்? எத்தனை மெகாபிக்ஸல் இருக்கணும்?" என்று தம்பிகள் கேட்கிறார்கள். 2010-இல் முதல் சம்பளத்தில் நானும் அதை மட்டும் கேட்டுத்தான் வாங்கினேன். 14 மெகாபிக்ஸல்! அன்று மாலையே கூடத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் பாட்டியைப் படமெடுத்தேன். பாட்டி சிரித்துக்கொண்டே தலையை அசைத்தார், படம் கலங்கிப்போச்சு. அப்புறம் எடுத்துக்கலாம் என்று விட்டேன். அந்த 'அப்புறம்' வரவேயில்லை.

கணக்கைப் பாருங்கள். ஆல்பத்தில் ஒட்டும் 6-க்கு 4 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 1800 × 1200 போதும். அதாவது 2.16 மெகாபிக்ஸல். நமக்குப் பற்றாக்குறை வெளிச்சம்தான். சாதாரணச் சின்னக் கேமராவின் சென்ஸார் சுமார் 28 சதுர மில்லிமீட்டர். 'ஒரு அங்குல' சென்ஸார் சுமார் 116. நாலு மடங்கு! லென்ஸில் எஃப் 3.5-க்குப் பதில் எஃப் 1.8 இருந்தால், கிட்டத்தட்ட இன்னொரு நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும்.

2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-இல் இவ்விரண்டும் இருந்தன. புதுசுக்குக் காசு போதாவிட்டால், இந்த மாதிரிப் பழசைத் தேடுங்கள். லென்ஸ் தடையின்றி நீள்கிறதா, பேட்டரி கிடைக்கிறதா என்று பாருங்கள். கடைக்குள்ளேயே, ஃபிளாஷ் போடாமல், கூட வந்தவரைப் பேசவிட்டு ஒரு படம் எடுங்கள். முகம் தெளிவாக இருந்தால் வாங்குங்கள்.

வாங்கிய அன்றே வீட்டுப் பெரியவர்களை எடுத்துவிடுங்கள். அப்புறம் என்று விடாதீர்கள்.