விளையாட்டாய் ஒரு கணிப்பொறி மொழி

(லாங் ஐலண்டில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலோரத்தில் வளரும் சிறுவர்கள் மரத்துண்டைச் செதுக்கியோ, காகிதத்தை மடித்தோ பொம்மைப் படகு செய்து நீரில் விடுவதை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். அப்படகில் ஏறி ஒருவரும் ஏரட்டாத் துறைக்குச் செல்ல இயலாது. ஆயினும் படகு எவ்வாறு மிதக்கிறது, எப்பக்கம் கனம் மிகுந்தால் கவிழ்கிறது என்பனவற்றை அச்சிறுவன் தன் கையாலேயே கற்றுக்கொள்கிறான். இன்று நான் பேசப் புகுவதும் அத்தகையதொரு பொம்மையைப் பற்றியே. ஓய்வு நேரத்தில், ஊதியம் கருதாது, தானே ஒரு சிறு கணிப்பொறி மொழியை ஆக்கிப் பார்க்கும் முயற்சியே அது.

இப்பொருளை இத்தீவில் பேசுவதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அத்திட்டத்திற்கு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய் செலவாயிற்று. அன்று போர்ட் பிளேர் என்றும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் வழங்கும் தலைநகருடன் அவ்வடம் இணைக்கும் தீவுகளுள் லாங் ஐலண்டும் ஒன்று. உலகின் ஆக்கங்கள் பல அவ்வடத்தின் வழியே இங்கு வந்து சேர்கின்றன. அதே வடத்தில் இங்கிருந்து அங்கே செல்லத்தக்கவற்றை ஆக்குவோர் யார் என்பதே நம் முன் நிற்கும் வினா.

மொழியை ஆக்கியோர் மனிதரே

கணிப்பொறி தானாக எம்மொழியையும் அறியாது. அதன் உள்ளே இயங்குவன யாவும் இரு நிலைகளால் குறிக்கப்படும் எண்களே. மனிதர் எழுதும் கட்டளையை அவ்வெண்களாக மாற்றித் தருவதற்கென மொழிகள் ஆக்கப்பட்டன. 1957-இல் ஃபோர்ட்ரான் வந்தது. 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், அறிவியல் பயிலாத மாணவர்களும் கையாளத்தக்க பேசிக் மொழி பிறந்தது. இவற்றை ஆக்கியோர் ஆங்கிலம் பேசியமையால் கட்டளைச் சொற்களும் ஆங்கிலமாயின. இது இயற்கையின் விதி அன்று. சிலர் செய்த தெரிவு.

பெரிய நிறுவனத்தின் ஆணையின்றியும் மொழிகள் பிறந்ததுண்டு. நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ராசம் 1989-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கிய மொழியே பைத்தான். 1991-இல் அதனை வெளியிட்டார். இன்று அது உலகெங்கும் பள்ளிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பயன்படுகிறது.

அப்பைத்தானைக் கருவியாகக் கொண்டே தமிழில் ஒரு மொழி எழுந்தது. அதன் பெயர் எழில். முத்தையா அண்ணாமலை என்னும் பொறியாளர் 2009-இல் ஒரு கட்டுரை வாயிலாக அதனை விளக்கினார். கணிப்பொறிக்குப் புதியவரான தமிழ் மாணவர்களுக்கென அமைந்த சிறு மொழி அது. அச்சிடுவதற்குப் ‘பதிப்பி’ என்றும், ஒரு பகுதியை நிறைவு செய்ய ‘முடி’ என்றும் அதில் எழுதுகிறோம்.

எழிலின் சிறப்பு சொற்களை மொழிபெயர்த்ததில் மட்டும் அடங்கிவிடவில்லை. ஆங்கிலத்தில் நிபந்தனையைக் குறிக்கும் சொல் முன்னே நிற்கும். தமிழிலோ ‘மழை பெய்யுமானால்’ என நிபந்தனை முன்னும் அதன் குறி பின்னும் வரும். எழிலிலும் நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் முதலில் எழுதி, ‘ஆனால்’ என்னும் சொல்லைப் பின்னர் இடுகிறோம். தமிழ் வாக்கியத்தின் நடையே கட்டளையின் நடையும் ஆயிற்று. இதனைத் தீர்மானித்தவர் மொழியை ஆக்கியவரே.

ஆக்கும் முறை

இத்தகைய மொழி ஒன்றை ஆக்குவது பெருஞ்செயல் என அஞ்ச வேண்டுவதில்லை. கணக்குகளை மட்டும் செய்யும் சிறு மொழியைச் சில நூறு வரிகளில் எழுதிவிடலாம். வேலை மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது, எழுதப்பட்ட வரியை எண், குறி, பெயர் எனத் துண்டுகளாகப் பிரித்தல். இரண்டாவது, அத்துண்டுகள் எவ்வாறு ஒன்றோடொன்று சேர்கின்றன என இலக்கண விதிப்படி காணுதல். மூன்றாவது, சேர்ந்தவாறே கணக்கிட்டு விடை தருதல். பள்ளியில் நாம் ஒரு வாக்கியத்தை எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எனப் பிரித்துப் பொருள் கொண்டதும் ஏறக்குறைய இம்முறையே.

என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். மாலை வேளைகளில் இத்தகைய மொழி ஒன்றை எழுதி, முதற் சோதனையாகப் படகுக் கட்டணம் ஒன்றைக் கற்பனையாகக் கொடுத்தேன். பெரியவர் மூவர், தலைக்கு 20 ரூபாய். சிறுவர் இருவர், தலைக்கு 10 ரூபாய். அதாவது, 3 * 20 + 2 * 10. விடை 80 வரவேண்டும், வந்ததோ 620. இடமிருந்து வலமாக வரிசையாய்ச் சென்ற பொறி, 60-உடன் 2-ஐக் கூட்டி, 62-ஐப் பத்தால் பெருக்கிவிட்டது. பெருக்கலே முந்தியது என்பதை நான் அதற்குச் சொல்லவே இல்லை.

விதியைத் திருத்தினேன். அடுத்து 10 - 4 - 3 எனக் கேட்டேன். விடை 3 என்பதை யாவரும் அறிவர். என் மொழி 9 என்றது. இம்முறை அது வலப்புறத்திலிருந்து சேர்த்து, 4-லிருந்து 3-ஐக் கழித்து, எஞ்சிய 1-ஐப் பத்திலிருந்து கழித்திருந்தது. இரு முறையும் பொறி பிழை செய்யவில்லை. நான் எழுதிய விதியையே அது வழுவாது பின்பற்றியது. பிழை விதியில் இருந்தது.

மூன்றாவது பாடம் தமிழ் எழுத்தைப் பற்றியது. ‘கிளி’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று வினவினால், முதல் வகுப்புக் குழந்தையும் இரண்டு என்னும். பைத்தானோ நான்கு என்கிறது. யூனிகோடு முறையில் ககரமும் இகரக் குறியும் தனித்தனியாகப் பதிவாவதே காரணம். எழில் முயற்சியின் கிளையாக வளர்ந்த ‘ஓப்பன் தமிழ்’ என்னும் நிரல் தொகுப்பு, தமிழ்ச் சொல்லைத் தமிழர் எண்ணும் முறையிலேயே எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. விளையாட்டாய் எழுந்த தேவையிலிருந்து பலருக்கும் பயன்படும் கருவி கிடைத்தது என்பதை இங்குக் கருத வேண்டும்.

அலுவலர்களுக்கு

அலுவலர்களான அன்பர்களுக்கு இதில் என்ன பயன் எனக் கேட்கலாம். நலத்திட்டங்களின் விண்ணப்பங்களை இந்நாளில் பல இடங்களில் கணிப்பொறியே முதலில் ஆய்கிறது. விதியில் தெளிவின்மை இருப்பின், முன்னாளில் எழுத்தர் விண்ணப்பதாரரை அழைத்து விசாரிப்பார். மேலதிகாரியின் கருத்தைக் கேட்பார். பொறி விசாரிப்பதில்லை. ‘விதவையர் அல்லது முதியோர் மற்றும் நிலமற்றோர்’ என ஓர் ஆணை கூறுமாயின், நிலமுடைய விதவை தகுதி உடையவரா, அல்லரா? மேற்கூறிய கழித்தற் கணக்கைப் போன்றே, எதை எதனோடு முதலிற் சேர்ப்பது என்பதைப் பொறுத்து விடை மாறும். அங்கு மாறியது ஓர் எண். இங்கு மாறுவது ஒருவரின் ஓய்வூதியம். ஒரு பொம்மை மொழியையேனும் எழுதிப் பார்த்தவர், இத்தகைய வாக்கியத்தை ஆணையில் இடுமுன் ஒருமுறை தயங்குவார். அத்தயக்கம் மக்களுக்கு நன்மை பயக்கும்.

மாணவர்களுக்கு

மாணவ நண்பர்களே, எழில் போன்ற மொழியோ, நீங்கள் ஆக்கப்போகும் மொழியோ உங்களுக்கு வேலை பெற்றுத் தரும் எனக் கூறி நான் ஏமாற்ற விரும்பவில்லை. தொழிலுலகில் வழங்கும் மொழிகளையும், அவற்றுக்குரிய ஆங்கிலத்தையும் நீங்கள் கற்றே ஆகவேண்டும். ஆனால் ஒரு மொழியைத் தாமே ஆக்கியவர் மற்ற மொழிகளைக் கற்கும்போது அஞ்சுவதில்லை. அதன் உள்ளே நிகழ்வது இன்னதென அறிந்தே கற்கிறார். ஆங்கிலம் தெரியாமையைத் தம் அறிவின் குறையென எண்ணித் தமிழ்வழி மாணவர் பலர் இத்துறையின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். அவர்கள் உள்ளே நுழைய இஃதொரு வழி.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளிலேயே நிரலெழுதும் பயிற்சி வேண்டும் என்கிறது. தொடக்க வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வியையும் வலியுறுத்துகிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்குதல் கல்வி அலுவலர்களின் கடமை. இதற்குப் புதிய கட்டடம் வேண்டா. பள்ளியில் உள்ள பழைய கணிப்பொறி ஒன்றும், வாரத்தில் ஒரு மாலையும், பிழையைக் கண்டு சினவாத ஆசிரியர் ஒருவரும் போதும். வேண்டிய மென்பொருளை ஒருமுறை பெற்றுவிட்டால், புயல் நாளில் இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

இன்று மாலையே ஒரு குறிப்பேட்டை எடுங்கள். உங்கள் மொழியில் கூட்டலுக்கு எச்சொல், நிபந்தனைக்கு எச்சொல், எது முந்தும், எது பிந்தும் என எழுதிப் பாருங்கள். முதல் விடை தவறாகவே வரும். அது ஏன் தவறாயிற்று எனத் தேடத் தொடங்கும் வேளையில் உங்கள் படகு நீரில் இறங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.